53 நாய்களும் 50 ரூபாயும்

2007 ஜூலையில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒரு வழக்கு பதிவானது. வழக்கின் பெயர், ‘அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் ஏறத்தாழ 53 பிட்புல் நாய்கள்’. குற்றத்துக்குப் பயன்பட்ட சொத்தை அரசு எடுத்துக்கொள்ள, அந்தச் சொத்தையே பிரதிவாதியாக்கி வழக்குப் போடும் முறை அங்கே உண்டு. கார் மீது வழக்கு நடக்கும், வீட்டின் மீது நடக்கும், பணக்கட்டின் மீதும் நடக்கும். அப்படித்தான் நாய்கள் மீதும் நடந்தது. சட்டத்தின் பார்வையில் அவை பொருள்கள். ஆனால் அந்தப் பொருள்களை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, அதே நீதிமன்றம் அவற்றின் நலனைக் கவனிக்க ஒரு சட்டப் பேராசிரியரை நியமித்தது. வதைபட்ட நாய்களை மீட்பது பற்றி இன்று யோசிக்கிற எவரும் அந்த முடிவுக்குக் கொஞ்சம் கடன்பட்டவர்தான்.

கதை அதற்கு இரண்டு மாதங்களுக்குச் சற்று அதிகமான காலம் முன்பு, ஏப்ரல் 25 அன்று தொடங்கியது. போதைப்பொருள் விசாரணை ஒன்றுக்காக வர்ஜீனியாவின் சர்ரி கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் போல) ஒரு வீட்டுக்குள் போலீஸ் நுழைந்தது. வீட்டின் பின்னால் மரங்களுக்கு நடுவே கறுப்பு பெயின்ட் அடித்த கொட்டகைகள். மண்ணில் புதைத்த கார் அச்சுகளில் சங்கிலி போட்டுக் கட்டிய நாய்கள். பக்கத்து நாயைத் தொட முடியாது, ஆனால் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற அளவில் சங்கிலியின் நீளம் வெட்டப்பட்டிருந்தது. வீட்டின் உரிமையாளர் மைக்கேல் விக். அமெரிக்கக் கால்பந்தின் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர், 2004 இறுதியில் 10 ஆண்டுகளுக்கு 13 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டவர். 2001 முதல் அங்கே நாய்ச்சண்டை நடந்து வந்தது. சோதனைச் சண்டையில் தேறாத நாய்களை நீரில் அமுக்கியும் தூக்கில் தொங்கவிட்டும் கொன்றதாக நீதிமன்ற ஆவணங்கள் சொல்கின்றன. விக் ஆகஸ்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். டிசம்பரில் 23 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவரைப் பற்றி இதற்கு மேல் இங்கே சொல்லப் போவதில்லை. நாய்களுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் நமக்கு வேண்டியது.

அதுவரை அமெரிக்காவில் இருந்த வழக்கம் எளிது. நாய்ச்சண்டைக் கூடத்தில் பிடிபட்ட நாய்களைச் சாட்சியப் பொருளாக வைத்திருப்பார்கள். வழக்கு முடிந்ததும் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள். விலங்குகளுக்காகவே நடக்கும் பெரிய அமைப்புகளில் இரண்டு, அமெரிக்க ஹியூமேன் சொசைட்டியும் பீட்டாவும், இந்த நாய்களையும் கொல்வதே சரி என்ற நிலையில்தான் இருந்தன. கொலைக்குப் பழக்கப்பட்ட நாய் திருந்தாது, அதை ஒரு வீட்டுக்கு அனுப்புவது ஆபத்து என்பது வாதம். கேட்கும்போது நியாயமாகத்தான் படும். எனக்கும் ஒரு காலத்தில் பட்டது.

நியூயார்க்கில் 1866-இல் தொடங்கிய ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்குவதைத் தடுப்பு அமைப்பின் நிபுணர் குழு, கலிஃபோர்னியாவின் பேட்ராப் என்ற சிறு அமைப்பைச் சேர்ந்தவர்களோடு செப்டம்பரில் போய் அந்த நாய்களை ஒவ்வொன்றாகப் பரிசோதித்தது. புது மனிதர் அருகே வந்தால் என்ன செய்கிறது, சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தால் என்ன செய்கிறது, குழந்தை அளவு பொம்மையைப் பார்த்தால் என்ன, இன்னொரு நாயைப் பார்த்தால் என்ன என்று வரிசையாகப் பார்த்தார்கள். ரத்தவெறி பிடித்த மிருகங்களை எதிர்பார்த்துப் போனவர்கள் கண்டது வேறு. பெரும்பாலான நாய்கள் யாரையும் தாக்க முயலவில்லை. பல நாய்கள் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு, எழுந்திருக்கவே மறுத்தன. அந்தக் குழுவினர் அவற்றுக்குப் ‘பான்கேக் நாய்கள்’ என்று பெயர் வைத்தார்கள். நம் ஊரென்றால் தோசை நாய்கள் என்றிருப்போம். அப்படிப் பரிசோதித்த 49 நாய்களில், மூர்க்கத்தால் இனி எங்கும் வைக்க முடியாது என்று கொல்லப்பட்டது ஒன்றே ஒன்று. தீராத நோயின் வலியால் இன்னொன்றுக்கு விடை கொடுத்தார்கள். மிச்சம் 47.

நீதிமன்றம் நியமித்த பேராசிரியர் ரெபெக்கா ஹஸ், இந்த 47 நாய்களுக்கும் தனித்தனியாக எங்கே போக வேண்டும் என்று பரிந்துரைத்தார். எட்டு அமைப்புகள் அவற்றை ஏற்றுக்கொண்டன. மிகக் கடினமான 22 நாய்கள் யூட்டா மாநிலத்தில் கனாப் அருகே இருக்கும் பெஸ்ட் ஃபிரெண்ட்ஸ் காப்பகத்துக்குப் போயின. பத்துப் பதினைந்து ஆண்டு வாழ்க்கை அவற்றுக்கு மிச்சமிருந்தது. அந்தச் செலவை யார் ஏற்பது?

இந்த வழக்கில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில். விக் 9,28,073 டாலர் கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அன்றைய கணக்கில் மூன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல். அபராதமாக அரசுக் கஜானாவுக்குப் போகும் பணம் இல்லை அது. நாய்களின் பராமரிப்புக்கென்றே ஒதுக்கிய தொகை. வீட்டுக்குத் தத்துப் போகக்கூடிய நாய்க்குக் குறைவாகவும், வாழ்நாள் முழுக்கக் காப்பகத்தில் இருக்க வேண்டிய நாய்க்கு அதிகமாகவும் பிரித்தார்கள். அடித்தவன் சிறைக்குப் போவதோடு கணக்கு முடியவில்லை. அடிபட்டதன் மிச்ச வாழ்க்கைக்கும் அவனே பணம் கட்டினான்.

அவற்றில் ஜானி ஜஸ்டிஸ் என்ற நாய், நூலகத்தில் வாய்விட்டு வாசிக்கக் கூச்சப்படும் குழந்தைகளின் பக்கத்தில் படுத்துக் கதை கேட்கும் நாயானது. லியோ புற்றுநோய் நோயாளிகளைப் பார்க்கப் போய்வந்தது. சண்டைகளில் அதிகம் வென்ற லூகாஸுக்கு மனிதர்கள் மீது அப்படி ஒரு பிரியம். இருந்தாலும் வெளியே தத்துக் கொடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லியிருந்ததால் காப்பகத்திலேயே வாழ்ந்து 2013-இல் இறந்தது. எல்லாக் கதையும் இனிப்பாக முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில நாய்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகும் புது ஆளைக் கண்டால் மூலையைத் தேடின. கடைசியாக உயிரோடிருந்த ஃப்ரோடோ 2021 டிசம்பரில், தன்னைத் தத்தெடுத்த குடும்பத்தின் நடுவே கண்மூடியது.

ஆனால் பழைய வழக்கம் ஒரே வழக்கில் மாறிவிடவில்லை. 2009 பிப்ரவரியில் வட கரோலினாவின் வில்க்ஸ் கவுண்டியில் பிடிபட்ட நூற்றுக்கும் மேற்பட்ட நாய்களை, அந்த இடத்தில் பிறந்த குட்டிகளையும் சேர்த்து, கொன்றார்கள். அதற்கு எழுந்த எதிர்ப்புக்குப் பிறகுதான், அதே ஆண்டில் ஹியூமேன் சொசைட்டி தன் கொள்கையை மாற்றியது. ஒவ்வொரு நாயையும் தனியாக மதிப்பிட்டே முடிவெடுக்க வேண்டும் என்றது. அந்தக் குட்டிகளை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

சண்டைக்கு வளர்த்த நாய்களிடம் மூர்க்கத்தைவிடப் பயம் அதிகம் இருந்தது ஏன்? அடி ஒரு காரணம். அடியைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நாய்க்குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ மூன்று மாதம் வரை அதன் மூளை திறந்திருக்கும் காலம். அந்த நாட்களில் பார்த்த, கேட்ட, முகர்ந்தவை எல்லாம் ‘என் உலகம்’ என்று பதியும். பார்க்காதவை பின்னாளில் ‘ஆபத்து’ ஆகும். 1961-இல் வெளியான ஒரு பழைய ஆய்வில், மனிதர் முகமே பார்க்காமல் வேலியிட்ட வெளியில் குட்டிகளை வளர்த்தார்கள். 14 வாரம் கழித்து முதன்முதலாக மனிதக் கை பட்ட குட்டிகள் காட்டு விலங்குகள் போலவே நடந்துகொண்டன. கொட்டகையில் சங்கிலியோடு பிறந்து வளர்ந்த நாய்க்கு மாடிப்படி தெரியாது, மின்விசிறி தெரியாது, தொலைக்காட்சிச் சத்தம் தெரியாது. அதை யாரும் அடிக்காமலே இருந்திருந்தாலும் அது நடுங்கும். காப்பகங்களில் வேலை செய்கிறவர்கள் ‘பயந்த நாயெல்லாம் அடிபட்ட நாய் இல்லை’ என்று சொல்வது இதனால்தான்.

நம் தெருநாய்களின் நிலை இதற்கு நேர் எதிர். டீக்கடை வாசலிலும் பேருந்து நிறுத்தத்திலும் பிறந்து, ஆயிரம் கால்களுக்கு நடுவே வளர்கின்றன. மனிதர் என்றால் என்ன என்பது அவற்றுக்குக் கண் திறக்கும்போதே தெரியும். கொல்கத்தாவின் இந்திய அறிவியல் கல்வி ஆய்வு நிறுவன (ஐ.ஐ.எஸ்.இ.ஆர்.) ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமில்லாத ஒருவர் திரும்பத் திரும்ப வந்தபோது, உணவு கொடுத்தவரைவிடத் தடவிக் கொடுத்தவரிடம் தெருநாய்கள் அதிக நம்பிக்கை காட்டின. அடிபட்ட நாட்டு நாய் ஆச்சரியப்படும் வேகத்தில் மனிதரிடம் திரும்புவதை மீட்பு வேலையில் இருக்கிறவர்கள் பலமுறை பார்த்திருப்பார்கள். அதற்கு ஒரு காரணம் இந்தத் தெருவளர்ப்பாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

எங்கள் வீட்டுக்கு வந்த தெருநாய் செவலையும் அப்படிப்பட்டவன்தான். எங்கள் தெருமுனையில் கட்டி முடித்த ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் பின்புறம் மணல்மேட்டில் கிடந்தான். குட்டியாக இருந்தபோது யாரோ நைலான் கயிறு கட்டியிருக்கிறார்கள். கழுத்து வளர்ந்தது, கயிறு வளரவில்லை. சதையைக் கிழித்து உள்ளே போய், மேலே தோல் மூடத் தொடங்கியிருந்தது. புண்ணில் புழு. அதோடு யாரோ கட்டையால் அடித்த அடையாளம் இடுப்பில். கட்டையைப் பார்த்தவன் எப்படி நடுங்குவான் என்பது பின்னால் தெரிந்தது. வீட்டில் துடைப்பம் எடுத்தாலே சிறுநீர் கழித்துவிடுவான்.

அவனைத் தூக்க வந்த தன்னார்வலப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நான் குனிந்து அவன் முகத்தைப் பார்த்துக் கொஞ்சப் போனேன். “அண்ணே, அவனைப் பாக்காதீங்க. பக்கவாட்டுல திரும்பி உக்காருங்க. கைய நீட்டாதீங்க. அவனா வந்து மோந்து பாக்கட்டும்” என்றாள். நாயின் மொழியில் நேருக்கு நேர் உற்றுப் பார்ப்பதும் மேலிருந்து குனிவதும் மிரட்டல். நாம் பாசம் என்று நினைத்துச் செய்வதில் பாதி, பயந்த நாய்க்கு அச்சுறுத்தலாகத்தான் போய்ச் சேர்கிறது.

பட்டினி கிடந்த நாயைப் பார்த்ததும் ஒரு குண்டான் சோறு போடத்தான் கை போகும். அதைச் செய்யக் கூடாது. நாட்கணக்கில் உணவில்லாத உடல், தன் கொழுப்பையும் தசையையும் எரித்து வாழப் பழகியிருக்கும். திடீரென்று நிறைய மாவுச்சத்து உள்ளே போனால் இன்சுலின் ஏறும். ரத்தத்திலிருக்கும் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சட்டென்று உயிரணுக்களுக்குள் இழுக்கப்படும். இதயமும் மூச்சும் தடுமாறும். பஞ்சத்திலிருந்தும் வதைமுகாமிலிருந்தும் மீண்ட மனிதர்கள் முதல் விருந்திலேயே இறந்ததற்குப் பின்னால் இருந்ததும் இதே வேதியியல்தான். எலும்பும் தோலுமான நாய்க்குக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்குப் பல வேளையாக, பல நாட்கள் எடுத்துத்தான் அளவைக் கூட்ட வேண்டும். கால்நடை மருத்துவர் சொல்லும் அளவுக்கு மேல் ஒரு கரண்டிகூடக் கூடாது. ஊர்க்காரர்கள் அன்போடு கொண்டுவந்த பிரியாணிப் பொட்டலத்தைத் திருப்பி அனுப்ப நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

இன்னொன்று, மீட்கப் போகிறவர்களுக்கு. வலியிலிருக்கும் நாய் கடிக்கும். ரேபிஸ் தடுப்பூசி முன்கூட்டியே போட்டுக்கொண்டுதான் இந்த வேலைக்கு இறங்க வேண்டும். அப்படியும் கடிபட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதில் வீரம் காட்ட எதுவும் இல்லை.

புண் ஆறுவது கண்ணுக்குத் தெரியும். பயம் ஆறுவது தெரியாது. காப்பகத்துக்கு வந்த முதல் மூன்று நாட்களில் நாய்களின் ரத்தத்தில் கார்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோன் மிக அதிகமாக இருப்பதை 1997-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நாட்கள் செல்லச் செல்ல அது இறங்கியது. அதனால் முதல் சில நாட்கள் எதுவும் செய்யாமலிருப்பதே வைத்தியம். ஒளிந்துகொள்ள ஓர் இடம், தண்ணீர், சத்தமில்லாத மூலை. செவலை கட்டிலுக்கு அடியில் பதினோரு நாள் கிடந்தான். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு வெளியே வந்து தயிர்சாதத்தை நக்கிவிட்டு மறுபடி உள்ளே போய்விடுவான். வீட்டில் என் அம்மா, “இது நாயா, திருடனா” என்று கேட்டுக்கொண்டே தினமும் கிண்ணத்தைக் கழுவி வைத்தார்.

அதற்குப் பிறகு வருவதுதான் நிஜமான வேலை. பயத்தை ஊட்டும் பொருளை, பயம் கிளம்பாத தூரத்தில் காட்டி, அதோடு நல்லது ஒன்றைச் சேர்ப்பது. செவலைக்குப் பயம் துடைப்பம். இருபதடி தள்ளி, அசையாமல், தரையில் படுக்கப் போட்ட துடைப்பம். அவன் அதைப் பார்த்த மறுநொடி ஒரு துண்டு வேகவைத்த கோழி. துடைப்பம் மறைந்தால் கோழியும் மறையும். இதில் வரிசை முக்கியம். துடைப்பம் முதலில், கோழி இரண்டாவது. மாற்றிச் செய்தால், கோழி வந்தாலே ஏதோ கெட்டது வரப்போகிறது என்று நாய் கற்றுக்கொள்ளும். அப்புறம் கோழியையும் நம்பாது. நான் முதல் வாரம் இந்தத் தவறைச் செய்தேன். கோழியைக் காட்டி அவனை வரவழைத்துவிட்டு அப்புறம் துடைப்பத்தைக் காட்டினேன். இரண்டு நாள் அவன் என் கையிலிருந்து எதையும் வாங்கவில்லை. அந்தப் பெண்தான் போனில் சொல்லித் திருத்தினாள். “நாய் சாப்பிடலைன்னா நீங்க ரொம்பக் கிட்ட வந்துட்டீங்கன்னு அர்த்தம்ண்ணே. அஞ்சடி பின்னால போங்க.” எல்லாப் பாடப்புத்தகத்தையும்விட எனக்கு அந்த ஒரு வாக்கியம் உதவியது.

இதற்கு நேர்மாறான வழி ஒன்றும் நம்மிடம் பரவலாக இருக்கிறது. பயந்த நாயைப் பிடித்து இழுத்துக் கூட்டத்துக்கு நடுவே நிறுத்தினால் பழகிவிடும் என்பார்கள். சில நேரம் அது அடங்கிவிட்டது போலத் தெரியும். அந்த அடக்கம் என்ன என்பதற்கு ஒரு துயரமான ஆய்வு இருக்கிறது. 1967 வாக்கில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், தப்பிக்க வழியில்லாமல் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு ஒரு தாவலில் தப்பிக்கக்கூடிய இடத்தில் விட்டபோதும், பல நாய்கள் தாவவில்லை. முனகிக்கொண்டு படுத்து அதிர்ச்சியை வாங்கின. ‘கற்றுக்கொண்ட கையறுநிலை’ என்ற கருத்து உளவியலுக்கு வந்தது அந்த நாய்களின் வலியிலிருந்துதான். அசையாமல் கிடக்கும் நாயைப் பார்த்து ‘சமர்த்தாகிவிட்டது’ என்று சொல்லும் முன், அது உடம்பைத் தளர்த்தியிருக்கிறதா, தானாக நம்மிடம் வருகிறதா, கொடுத்ததைச் சாப்பிடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

வதைபட்ட நாய்களின் குணம் பற்றி அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஃபிராங்க் மெக்மில்லனும் உடன் ஆய்வாளர்களும் 2015-இல் 69 நாய்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மற்ற வளர்ப்பு நாய்களோடு ஒப்பிட்டால் இவற்றுக்கு அந்நியர் பயம் அதிகம், பிற நாய்கள் மீதான பயம் அதிகம், ஓயாத குரைப்பும் அதிகம். எதிர்பார்த்ததுதான். அதோடு, தங்கள் மனிதரிடம் ஒட்டிக்கொள்வதும் அதிகம் என்று தெரிந்தது. ‘அடிபட்ட நாய்க்குத்தான் நன்றி அதிகம்’ என்று நாம் நெகிழ்ந்து சொல்வது இதைப் பார்த்துத்தான். ஆனால் விட்டுப் பிரிந்தால் கதவைப் பிறாண்டும் அந்த ஒட்டுதலில் நன்றியைவிடப் பதற்றம் அதிகமோ என்று எனக்குத் தோன்றுகிறது. அதையும் சிகிச்சை வேண்டிய ஒன்றாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். தேவைப்பட்டால் பதற்றத்தைக் குறைக்கும் மருந்தும் மருத்துவர் எழுதித் தருவார். மருந்தென்றதும் பலர் முகம் சுளிக்கிறார்கள். காய்ச்சலுக்குக் கொடுப்பது போலத்தான் அதுவும்.

இப்படிப்பட்ட சிகிச்சை பலிக்குமா என்பதற்கும் இன்று கணக்கு இருக்கிறது. ஏ.எஸ்.பி.சி.ஏ. 2013-இல் சோதனை முயற்சியாகத் தொடங்கி, 2018-இல் வட கரோலினாவின் வீவர்வில் ஊரில் நிரந்தரமாக அமைத்த மறுவாழ்வு மையம், பயத்தால் முடங்கிய நாய்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. அங்கு சிகிச்சை பெற்ற 441 நாய்களைப் பற்றி 2022-இல் வெளிவந்த ஆய்வில், 86 சதவீதம் தேறி வெளியேறின. தினசரிப் பயிற்சி, தைரியமான இன்னொரு நாயைத் துணைக்கு விடுவது, மாதக்கணக்கில் பொறுமை. பயந்த நாய்க்குச் சில நேரம் இன்னொரு நாய்தான் நல்ல ஆசிரியர். செவலையைக் கட்டிலுக்கு வெளியே கொண்டுவந்ததும் நான் இல்லை, மாடி வீட்டுக்காரரின் கிழட்டு டாஷ்ஹண்ட் நாய் ஒன்றுதான்.

இனி நம் ஊர்ச் சட்டத்துக்கு வருகிறேன்.

இந்தியாவின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. அதற்கு வித்திட்டவர் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை, அரசே சட்டம் கொண்டுவரும் என்ற நேருவின் உறுதியை ஏற்றுத் திரும்பப் பெற்றார். அந்தச் சட்டத்தின்படி அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவர்தான். வாரியத்தின் தலைமையகம் பல பத்தாண்டுகள் சென்னையில்தான் இருந்தது. அந்தக் காலத்துக்கு அது முன்னோடிச் சட்டம். ஆனால் அதன் 11-ஆவது பிரிவில் முதல் குற்றத்துக்கு எழுதப்பட்ட தண்டனை, 10 ரூபாய்க்குக் குறையாத, 50 ரூபாய்க்கு மிகாத அபராதம். 1960-இல் 50 ரூபாய் ஒரு தொகை. இன்றும் சட்டப்புத்தகத்தில் அதே 50 ரூபாய். தண்டனையை உயர்த்தும்படி நாடாளுமன்றத்தை 2014-இல் உச்ச நீதிமன்றமே கேட்டுக்கொண்டது. 2022-இல் ஒரு திருத்த வரைவு பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டது. வரைவு வரைவாகவே நிற்கிறது.

அதனால்தான் கொடூரமான வழக்குகளில் போலீஸ் வேறு சட்டத்தையும் தேடிப் போகிறது. விலங்கைக் கொல்வதும் ஊனமாக்குவதும் முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 428, 429 பிரிவுகளில் வந்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவு. ஐந்தாண்டு வரை சிறை கிடைக்கலாம். ஆனால் அந்தப் பிரிவு இருக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். சொத்துக்கு எதிரான குற்றங்கள் என்ற அத்தியாயத்தில் இருக்கிறது.

2016 ஜூலையில் சென்னைப் புறநகரில் மருத்துவ மாணவர் ஒருவர் மொட்டைமாடியிலிருந்து ஒரு நாயைத் தூக்கி எறிய, இன்னொருவர் அதைப் படம்பிடித்த காணொளி நாடு முழுக்கப் பரவியது பலருக்கு நினைவிருக்கும். நாய் இறந்திருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சில நாட்கள் கழித்து உடைந்த எலும்புகளோடு உயிருடன் அதைக் கண்டுபிடித்தார்கள். பத்ரா என்று பெயர் வைத்தார்கள். சிகிச்சை முடிந்து தத்தெடுக்கப்பட்டது. அந்த மாணவர்கள் ஜாமீனில் வெளியே வந்தார்கள். பின்னர் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இருவரும் தலா இரண்டு லட்சம் ரூபாய் விலங்குகள் நல வாரியத்துக்குச் செலுத்த வேண்டும் என்றது. அந்தச் செய்தியைப் படித்து நான் மகிழ்ந்தேன். பிறகுதான் ஒன்று உறைத்தது. இரண்டு லட்சம் கேட்டது பல்கலைக்கழகத்தின் ஒழுங்கு நடவடிக்கை. அந்த இருவரும் மாணவர்களாக இல்லாமல் வேறு வேலையில் இருந்திருந்தால் அப்படிக் கேட்க யாரும் இல்லை.

‘அடித்தவன் செலவை ஏற்க வேண்டும்’ என்பது நம் சட்டத்தில் அறவே இல்லாததும் இல்லை. அதே 1960 சட்டத்தின் 35-ஆவது பிரிவு, வதைபட்ட விலங்கை சிகிச்சை மையத்துக்கோ காப்பகத்துக்கோ அனுப்ப நீதித்துறை நடுவருக்கு அதிகாரம் தருகிறது. கொண்டுபோகும் செலவு, பராமரிப்பு, சிகிச்சை எல்லாம் விலங்கின் உரிமையாளர் கட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த உரிமையாளர் என்ற ஒரு சொல்லில்தான் எல்லாம் கவிழ்கிறது. வண்டிமாட்டை அடித்தவரிடம் வசூலிக்கலாம். வளர்ப்பு நாயைப் பட்டினி போட்டவரிடம் வசூலிக்கலாம். தெருநாய்க்கு உரிமையாளர் யார்? கொதிக்கும் தண்ணீரை ஊற்றியவர் அதன் உரிமையாளர் இல்லையே. நம் ஊரில் வதைபடும் நாய்களில் பெரும்பங்கு தெருவில் வாழ்பவை. அந்த இடத்தில் ‘குற்றம் செய்தவர்’ என்ற சொல்லைப் போட்டால் போதும், பத்ராக்களின் எலும்பு முறிவுக்கு யார் பணம் தருவது என்று தேட வேண்டியிருக்காது. அபராதத்தை 50-இலிருந்து ஆயிரங்களுக்கு உயர்த்தச் சொல்லும் குரல்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அபராதம் அரசுக்குப் போகும். இந்தச் சொல்மாற்றம் நாய்க்குப் போகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தெருநாயைப் பிடித்தால் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது 2023-இன் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின் அடிப்படை. பொதுவாகப் பார்த்தால் அது அறிவியலோடு ஒத்துப்போகும் விதிதான். நாயை எடுத்துவிட்டால் காலியிடத்துக்கு வேறு நாய்கள் வரும். ஆனால் அடித்துக் காலொடித்தவர் குடியிருக்கும் அதே தெருவில், தேறிய நாயைக் கொண்டுபோய் விடுவது எப்படி? மீட்பு அமைப்புகள் அன்றாடம் சந்திக்கும் இந்தக் கேள்விக்கு, ‘பத்து நாள் தள்ளிப் போடுவோம், தத்தெடுக்க யாராவது வருவார்கள்’ என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. இடமில்லாத காப்பகத்தில் பத்து நாள் பத்து மாதமாகும். நாட்டு நாய் என்றால் தத்தெடுக்க வருகிறவரும் தயங்குவார்.

செவலையின் விஷயத்தில் யார் மீது வழக்குப் போடுவது என்றே எனக்குத் தெரியவில்லை. விசாரித்ததில், கட்டட வேலைக்கு வந்த குடும்பம் ஒன்று குட்டியைப் பாசமாக எடுத்துக் கயிறு கட்டி வைத்திருந்தது தெரிந்தது. வேலை முடிந்து அவர்கள் வேறு ஊருக்குப் போனபோது நாயை அவிழ்த்துவிட்டார்கள், கழுத்துக் கயிற்றை அவிழ்க்கவில்லை. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கட்டையால் அடித்தது யார் என்பது தெரியவே இல்லை. கயிற்றை வெட்டியெடுத்த அறுவை சிகிச்சை, ஆன்டிபயாடிக், உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து, கருத்தடை, தடுப்பூசி, நாலு மாதக் கோழி எல்லாம் சேர்த்து 23,400 ரூபாய் என்று என் அம்மா பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைத்திருக்கிறார். பாதியைத் தெருவில் ஏழு வீட்டுக்காரர்கள் பகிர்ந்தார்கள். மீதிக்கு அந்தத் தன்னார்வலப் பெண் தன் சம்பளத்திலிருந்து கொடுத்ததை நாங்கள் தவணையில் அடைத்தோம்.

அந்தப் பக்கத்தில் கடைசியாக எழுதியிருப்பது மருந்து இல்லை. தென்னந்துடைப்பம் ஒன்று, 80 ரூபாய். பழையதைச் செவலை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போய் ஒரு மத்தியானம் முழுக்கக் கடித்துக் குதறிவிட்டான்.